புதிய காரில் குறையும் என்ஜின் எண்ணெய்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாங்கிச் சில மாதங்களே ஆன என் காரில், முதல் சர்வீசுக்கு முன்பே என்ஜின் எண்ணெய் அளவுகோலின் கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. அடியில் ஒரு சொட்டுக் கசிவும் இல்லை, புகைக்குழாயின் வாயில் மட்டும் பிசுபிசுத்த கரி படிந்திருக்கிறது. சர்வீஸ் நிலையத்தாரோ, புது என்ஜின் அப்படித்தான் என்று கூறி, எண்ணெயை ஊற்றி அனுப்பிவிடுகின்றனர். 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை குறையலாம் என்று சில தயாரிப்பாளர்களே கூறுவது உண்மைதான். ஆனால், எரிபொருள் எரியும் அறைக்குள் எண்ணெய் புகாமல் தடுக்கும் பிஸ்டன் வளையமோ வால்வு சீலோ பழுதாகியிருக்கக்கூடும் என்பதால், எண்ணெயை நிரப்பி, மூடிக்கு முத்திரையிட்டு, குறிப்பிட்ட தூரம் ஓடியபின் மீண்டும் அளந்து பார்க்காமல் எதையும் இயல்பென்று சொல்வது முறையாகாது. தோட்டத்துச் சம்பளத்தில் தவணை கட்டும் குடும்பங்கள், இச்சோதனையின் முடிவை எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெற வேண்டும். மறுத்தால், மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த தீர்ப்பாயத்தில் புகார் செய்யலாம்.

இங்ஙனம்,
தோட்டப்புற வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்