தாராவி ஜெராக்ஸ் கடை அண்ணாச்சிகளுக்கு

90 அடி ரோட்டிலும் பக்கத்துச் சந்துகளிலும் ஜெராக்ஸ், பிரிண்ட் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிகளுக்கு வணக்கம்.

கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க வரும்போதெல்லாம் ஒரே பேச்சுதான்: "தம்பி, அந்த விண்டோஸ் அப்டேட்டு மட்டும் வராம பண்ணிரு." இதுவரை பண்ணிக் கொடுத்தேன். இனி மாட்டேன்.

உங்கள் எரிச்சல் புரியாமல் இல்லை. 2021இல் விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலரில், அதாவது நீங்கள் கொடுக்கும் பிரிண்ட்களை வரிசையில் நிறுத்தும் புரோகிராமிலேயே, பெரிய ஓட்டை. அதன் வழியே நுழைபவன் கையில் மொத்த மெஷினும் போய்விடும். மைக்ரோசாஃப்ட் மாதாந்திர அப்டேட் நாள்வரைகூடக் காத்திராமல் ஜூலை 6 அன்று அவசர பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் அப்டேட், விட்டது. அப்புறம் செப்டம்பரில் வந்த அப்டேட்டைப் போட்டதும், ஷேர் செய்திருந்த பிரிண்டர்கள் பல இடங்களில் நின்றுபோயின. கடை கடையாக வந்து அதைக் கழற்றியவன் நான்தான். திரும்பப் போடவே இல்லை. அது என் தப்பு.

ஃபைல்களைப் பூட்டிவைத்துக்கொண்டு பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் ஞாபகம் இருக்கிறதா? அது நுழைந்த ஓட்டைக்கு 2017 மார்ச் 14 அன்றே பேட்ச் வந்துவிட்டது. வைரஸ் கிளம்பியது மே 12. இரண்டு மாதம் சும்மா இருந்தவர்கள் மாட்டினார்கள். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே திணறின. யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையில்லை, ஃபைல் ஷேரிங் வழியே மெஷின்விட்டு மெஷின் தானே தாவியது. உங்கள் கடையில் நாலு கம்ப்யூட்டருக்கு ஒரு பிரிண்டர் ஓடுவதும் அதே ஷேரிங்கில்தான்.

அப்படி நுழைபவன் கையில் என்னவெல்லாம் சிக்கும்? டவுன்லோட்ஸ் ஃபோல்டரை என்றைக்காவது திறந்து பார்த்தீர்களா? தெருவில் பாதிப் பேரின் ஆதார், பான் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் அங்கேதான் கிடக்கிறது. வாட்ஸ்அப்பில் வாங்கி பிரிண்ட் எடுத்ததோடு சரி, அழிப்பதில்லை.

இப்படிச் செய்வோம். மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அப்டேட் வெளியாகும், நமக்கு அது இரவு பத்தரைக்கு மேல். புதன் ராத்திரி ஷட்டர் இறக்கும் முன் ஒரே ஒரு மெஷினில் போடுங்கள். வியாழன் காலையில் நாலு பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். ஒழுங்காக வந்தால் அன்று ராத்திரியே மற்றவை. வராவிட்டால் கூப்பிடுங்கள், காசு வாங்க மாட்டேன்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு 2025 அக்டோபர் 14ஓடு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. அது தனிக் கதை, மெஷினைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

டவுன்லோட்ஸை மட்டும் இன்றைக்கே காலி பண்ணிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கம்ப்யூட்டர் தம்பி