இரண்டாம் தவணை நிறைவு: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

மட்டக்களப்பு

அன்புடைய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

இரண்டாம் தவணை நிறைவடைகின்றது. தமிழ்மொழித் தினப் போட்டிகளிலும் விளையாட்டிலும் எமது மாணவர்கள் பாடசாலைக்குப் பெருமை சேர்த்தார்கள். சிரமதானத்தில் கைகொடுத்த அனைவருக்கும் நன்றி.

முக்கியமாக எழுத வேண்டியது வேறொன்று. தரம் 10, 11 மாணவர்களுள் பலர் வகுப்பில் குறிப்பெடுப்பதைக் கைவிட்டு வருகின்றார்கள். தனியார் வகுப்பின் அச்சுக் குறிப்போ, சென்ற ஆண்டு மாணவரது கொப்பியின் போட்டோப் பிரதியோ கையில் இருப்பதால், ஆசிரியர் விளக்கும்போது பேனையைத் திறப்பதேயில்லை. பிள்ளையின் சுமை குறையட்டும் என்ற அன்பினாலேயே நீங்கள் அவற்றை எடுத்துக் கொடுக்கின்றீர்கள் என்பதை நன்கறிவேன்.

ஆயினும் அணுக் கொள்கைப் பாடத்தைப் பாருங்கள். அச்சுத் தாளில் டோல்ற்றன், தொம்சன், இரதபோட், போர் என்ற விஞ்ஞானிகளின் பெயர்களும் ஆண்டுகளும் வரிசையாக உள்ளன. ஆனால் 1897 இல் தொம்சன் அணுவினுள் இருக்கும் இலத்திரன் என்ற சிறு துணிக்கையைக் கண்டறிந்த பின் அணு பிரிக்க முடியாதது என்ற கருத்து ஏன் நிலைக்கவில்லை, மெல்லிய பொற்றகட்டில் மோதிய, அல்பா எனப்படும் நேரேற்றமுள்ள துணிக்கைகளுள் மிகச் சில பின்னோக்கித் தெறித்ததைக் கொண்டு அணுவின் நடுவே சிறிய கரு உண்டென்று 1911 இல் இரதபோட் எவ்வாறு முடிவுசெய்தார், கருவைச் சுற்றும் இலத்திரன் சக்தியை இழந்து அதனுள் ஏன் விழவில்லை என்ற கேள்விக்கு 1913 இல் போர் என்ன விடை தந்தார் என்பன ஆசிரியரின் விளக்கத்திலும் வெண்பலகைப் படத்திலுமே வருகின்றன. அவற்றைத் தன் சொந்தச் சொற்களில் எழுதும் பிள்ளையே, பரீட்சையில் ‘ஏன்’ என்று வினவும்போது தடுமாறாது.

கொப்பியில் அடித்தல் திருத்தல் இருக்கின்றதென்று அழகாக மீள எழுத வைக்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டோல்ற்றனின் முதல் அணு நிறை அட்டவணை 1803 செப்டெம்பர் 6 ஆந் திகதியிட்ட அவரது குறிப்பேட்டிலேயே உள்ளது. அதில் ஐதரசனை 1 எனக் கொண்டு ஒட்சிசனுக்கு 5.66 என்று எழுதியவர், 1808 இல் வெளியிட்ட நூலில் 7 என மாற்றினார். இன்றைய பெறுமானம் 16. குறிப்பேடு திருத்துவதற்கான இடம். மீள எழுதும் நேரத்தில், அன்றிரவே குறிப்பை வாசித்து, வகுப்பில் எழாத ஐயம் எழுந்தால் அதை இடது ஓரத்தில் கேள்வியாக எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த தவணை தொடக்கம் போட்டோப் பிரதிகள் பாடக் குறிப்பாக ஏற்கப்படமாட்டா. பாடவேளையில் அச்சுக் குறிப்புகளை விரித்து வைக்கவும் அனுமதியில்லை. குறிப்புக் கேட்டு இரவில் ஆசிரியர்களுக்கு வட்ஸ்அப் செய்தி அனுப்புவதை உடன் நிறுத்துங்கள். இவ்விடயத்தில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. சுகவீனத்தால் வராத பிள்ளைகள் நண்பரின் கொப்பியைப் பார்த்துக் கையால் எழுதிக்கொள்ள வகுப்பாசிரியர் ஒழுங்கு செய்வார்.

வயல் வேலைக்கும் கடற்றொழிலுக்கும் இடையே கூட்டங்களுக்குத் தவறாது வந்து எம்மோடு நிற்கும் உங்களுக்கு மனமார்ந்த நன்றி. விடுமுறையில் பிள்ளையின் விஞ்ஞானக் கொப்பியை ஒருமுறை திறந்து பாருங்கள்.

இங்ஙனம்,
அதிபர்