லிமா ஏர்போர்ட்ல இருந்து வசந்திக்கு

அன்பு வசந்தி,

எப்படிடி இருக்க, மூட்டு வலி கொறஞ்சுதா? குஸ்கோ, மாச்சு பிச்சு எல்லாம் பாத்து முடிச்சாச்சு, பெரு நாட்டு லிமா ஏர்போர்ட்ல உக்காந்து எழுதுறேன், ஃப்ளைட்டுக்கு இன்னும் நேரம் கெடக்கு, அவரு சேர்லயே தூங்கிட்டாரு. பொண்ணு பிரசவத்துக்கு டிசம்பர்ல கனடால கால்கரி போறேன்னு நீ சொன்னதுல இருந்து உனக்கு ஒரு நல்ல ஸ்வெட்டர் வாங்கணும்னு மனசுல ஓடிட்டே இருந்துச்சு, இன்னைக்கு வாங்கிட்டேன். அல்பாகா, இங்க மலையில வளக்குற ஒட்டக ஜாதி மிருகத்தோட ரோமம்.

குஸ்கோ மார்க்கெட்லயே வாங்கியிருக்கலாமேன்னு கேப்ப. அங்க கடைக்கு கடை தொங்குது, விலையும் கம்மி, ஆனா நெறைய அக்ரிலிக்னு செயற்கை நூல் கலந்ததுடி, தொட்டா மொறமொறன்னு ஒரு மாதிரி மினுமினுப்பா இருக்கும். நெசமான அல்பாகா தொட்டதும் சில்லுன்னு இருக்கும், கொஞ்சம் கனமா, நல்ல பட்டுப்புடவை மாதிரி கைமேல வழிஞ்சு விழும். ஏர்போர்ட்ல விலை ஜாஸ்திதான், ஆனா நான் எடுத்தது அரேக்கிப்பாங்கற ஊரு மில்லுக்காரங்க கடை, உள்ள தச்ச லேபிள்ல எது எத்தனை சதவீதம்னு தெளிவா போட்டிருக்கு. அஞ்சு போலி வாங்குறதுக்கு ஒரே ஒரு அசல் போதும்னு எடுத்துட்டேன்.

கழுத்துல வச்சுப் பாத்தேன், குத்தவே இல்ல. காலேஜ் ஊட்டி டூர்ல கம்பளி போட்டு உன் கழுத்தெல்லாம் செவந்து போச்சே, அந்த பயம் இதுல வேணாம், ஆட்டு ரோமத்துல இருக்கற லனோலின் பசை இதுல இல்லன்னே சொல்லலாம், இழையும் மெல்லிசு, நான் எடுத்த பேபி அல்பாகாங்கற மெல்லிசு ரகம் 22 மைக்ரான் பக்கம் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), நம்ம தலைமுடி 70 பக்கம் இருக்கும். சாயம் போடாத காப்பிக்கொட்டை கலர், அந்த மிருகத்தோட சொந்த நிறமே அதுதான்.

பக்கத்துல கண்ணாடி அலமாரியில விகூனா சால்வை வச்சிருந்தாங்க, விலையைப் பாத்துட்டு தள்ளி நின்னுட்டேன். அது காட்டு மிருகம், இழை 12 மைக்ரான்தான், வேட்டையாடி வேட்டையாடி 1960கள்ல அழியற நிலைக்கு வந்துடுச்சு, இப்ப ஊரு சனமே கைகோத்து வளைச்சு ஓட்டிட்டு வந்து, ரோமத்தை மட்டும் வெட்டிட்டு திரும்ப விட்டுடுறாங்க, அதுக்கு அவங்க பாஷையில 'சாக்கு'ன்னு பேரு. கேட்கவே எனக்கு சிலிர்த்துச்சுடி.

அல்பாகா வளக்குறவங்க பாடுதான் மனசுல நிக்குது. புனோ பக்கம் 4,000 மீட்டருக்கு மேல, பயிர் பெருசா எதுவும் வெளையாத குளிர், இந்த ரோமத்தை நம்பித்தான் எத்தனையோ குடும்பம். அக்ரிலிக்க அல்பாகான்னு விக்கிறப்போ அடிபடுறது அவங்கதானே.

ஸ்வெட்டரை மெஷின்ல போடாத, பச்சத்தண்ணில கையால அலசி, தொங்கவிடாம துண்டு மேல விரிச்சு காயப்போடு, பீரோல வைக்கும்போது அந்துருண்டை மறக்காத. ஊருக்கு வந்ததும் நேர்ல கொண்டாந்து தரேன், போட்டுப் பாத்து கை நீளம் சரியா இருக்கான்னு சொல்லு. பேரனோ பேத்தியோ, பொறந்ததும் மொத போன் எனக்குத்தான் பண்ணணும்.

உன்
சாந்தி