வண்டிக்கு எந்த ஊர் என்று கேள்

வலங்கைமான்
புரட்டாசி மாதம்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மணிவிழாவைத் திருக்கடையூரிலேயே வைத்துக்கொள்கிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அபிராமி சன்னதியில் உன்னையும் தங்கச்சியையும் மாலையும் கழுத்துமாகப் பார்க்க வேண்டும் என்று இவளும் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறாள். தை பிறக்கட்டும், நாங்கள் விழாவுக்கு முதல் நாளே அங்கு வந்துவிடுகிறோம்.

இங்கே குறுவை அறுப்பு முடிகிற நேரம். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு நான்கு நாளாகக் காத்திருக்கிறேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். பகலில் காயவைத்தால் சாயங்காலம் ஒரு மழை பிடித்துக்கொள்கிறது. தார்ப்பாயை மூடுவதும் விரிப்பதுமாகப் போகிறது பொழுது. குடமுருட்டியில் தண்ணீர் நன்றாகவே ஓடுகிறது, சம்பாவுக்குக் குறை இருக்காது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். சென்னையிலிருந்து உன்னையும் சேர்த்து ஆறு பேர், பெட்டி, சீர்த்தட்டு எல்லாம் வர வேண்டும். வந்தபின் நீ பத்து நாள் இங்கே தங்கிவிட்டு பெங்களூருக்கு மகள் வீட்டுக்குப் போகிறாய். திரும்பச் சென்னைக்குப் போகாதபோது எதற்கு இரண்டு பக்கத்துக்கும் வாடகை கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். நியாயமான கேள்வி. இதில் நான் நஷ்டப்பட்டும் இருக்கிறேன், அப்புறம் கற்றுக்கொண்டும் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வாடகை வண்டிக்காரர் ஏன் போக வரக் கேட்கிறார்? உன்னை இறக்கிவிட்டு அவர் காலியாகத் திரும்ப வேண்டும். கும்பகோணம் சென்னையிலிருந்து சுமார் 290 கிலோமீட்டர். டிசையர் டீசல் வண்டி லிட்டருக்கு இருபது கொடுத்தால்கூட, திரும்பிப்போகப் பதினைந்து லிட்டர் ஆகிவிடும். அதுவே 1,400 ரூபாய் பக்கம். டோல் தனி, அவர் தூக்கம் தனி. ஆக நாம் பேரம் பேசுவது வண்டிக்கு இல்லை, அந்தக் காலி ஓட்டத்துக்கு. அதை யார் சுமப்பது என்பதுதான் முழுக் கணக்கும்.

உனக்கு நினைவிருக்கிறதா, நாம் ஏழாவது படிக்கும்போது கும்பகோணத்து மில்லுக்கு நெல் ஏற்றிப் போகும் மாட்டுவண்டி? போகும்போது நம்மைக் கிட்டேகூட விடமாட்டார்கள். திரும்பும்போது ராத்திரி எட்டு மணிக்கு, அச்சுக்குக் கீழே லாந்தர் ஆட, வண்டிக்காரர் முன்னால் சுருண்டு படுத்திருப்பார். மாடுகள் தாமாகவே வழி பார்த்து வரும். நாம் பின்னால் தொற்றி ஏறி வைக்கோலில் மல்லாந்து படுத்துக்கொள்வோம். நெல் வாசமும் கடலைப் பிண்ணாக்கு வாசமும் கலந்து அடிக்கும். ஏனென்றால் அவர் ஒருநாளும் வெறும் வண்டியாகத் திரும்பியதில்லை. இரண்டு மூட்டை பிண்ணாக்காவது ஏற்றிக்கொண்டுதான் வருவார், அந்தக் கூலியில் மாட்டுக்குத் தீவனச் செலவு கழிந்துவிடும். இன்றைக்கு டாக்ஸிக்காரர் தேடுவதும் அந்தப் பிண்ணாக்கு மூட்டையைத்தான். நீ அந்த மூட்டையாக ஏறிக்கொண்டால் வாடகை பாதியாகக் குறைகிறது.

நீ சென்னையில் விசாரிக்கிறாய், அதுதான் தப்பு. சென்னை வண்டி உன்னை இங்கே விட்டுவிட்டுக் காலியாகத் திரும்ப வேண்டும். நீ பிடிக்க வேண்டியது கும்பகோணத்து வண்டி. டி.என்.68 என்று எண் பலகை இருந்தால் கும்பகோணம், 82 என்றால் மயிலாடுதுறை, 49 தஞ்சாவூர், 50 திருவாரூர். இந்தப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று கிளம்புகிறவர்களை ஏற்றிக்கொண்டு மீனம்பாக்கத்துக்கு வண்டிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. ஆளை விமான நிலையத்தில் இறக்கிவிட்டால் அந்த வண்டி ஊருக்குத் திரும்பியாக வேண்டும். ஓட்டுநர் அங்கேயே சீட்டைச் சாய்த்துத் தூங்கி, விடிந்ததும் வெறும் வண்டியாகக் கிளம்புவார். அவரை நீ பிடித்துக்கொள். அதற்குச் சென்னையில் கேட்டுப் பயனில்லை, இங்கே ஸ்டாண்டில் சொல்லிவைக்க வேண்டும். 'நாளைக்குச் சென்னைக்கு டிராப் போகிற வண்டி இருக்கா, ரிட்டனுக்கு ஆள் இருக்கு' என்று சொன்னால் போதும், மாலைக்குள் மூன்று பேர் போன் செய்வார்கள்.

நீ வரும் நாளும் இதற்கு நன்றாக அமைந்திருக்கிறது. பொங்கலுக்கு முன்னால் சென்னையிலிருந்து இந்தப் பக்கம் வர வண்டியே கிடைக்காது, கிடைத்தாலும் கேட்டதுதான் காசு. பொங்கல் முடிந்ததும் கூட்டம் அப்படியே திரும்பும். தஞ்சை ஜில்லாவே சென்னைக்குக் கிளம்பியது போல இருக்கும். அவர்களை விட்டுவிட்டுத் திரும்பும் வண்டிகள் எல்லாம் அந்த வாரம் தெற்கே காலியாக ஓடும். உன் விழா அதற்குப் பின்தானே வருகிறது. கூட்டம் போகும் திசைக்கு எதிர்த்திசையில் நீ வருகிறாய்.

உன் மகன் அமெரிக்காவில் ஒரு ஊரில் கார் எடுத்து வேறு ஊரில் விட்டதற்கு டிராப் கட்டணம் என்று தனியாகத் தாளித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாயே, அங்கேயும் இதே கதைதான். குளிர்காலத்தில் வடக்கே இருப்பவர்கள் ஃபுளோரிடாவுக்கு வருகிறார்கள், வெயில் வந்ததும் திரும்புகிறார்கள். அதனால் வசந்த காலத்தில் ஃபுளோரிடாவிலிருந்து வடக்கே ஓட்டிப்போகிறவர்களுக்கு அங்கத்து கம்பெனிகள் வாடகையை மலிவாக்கி விடுவது உண்டு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஒரு ஊரில் தங்கிவிட்ட வண்டியை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க, நாளுக்கு ஒரு டாலர் மாதிரி பெயருக்கு ஒரு காசு வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். குறித்த நாளுக்குள் கொண்டுசேர்க்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த முறை அவன் எதிர்த்திசையில் போக நேர்ந்தால் இதைத் தேடச் சொல்.

அப்படி ரிட்டன் வண்டி அமையாவிட்டால் டிராப் டாக்ஸி இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு மட்டும் கிலோமீட்டர் போடுவார்கள். நேற்று உனக்காகவே விசாரித்தேன். சின்ன வண்டிக்குப் போக வர என்றால் கிலோமீட்டருக்கு 12 ரூபாய், ஒருவழி என்றால் 14 ரூபாய் சொன்னார்கள். ஒருவழிக்கு ரேட் கூட என்று பார்க்காதே. போக வர 580 கிலோமீட்டருக்கு 6,960, ஓட்டுநர் பேட்டா 500. ஒருவழி 290 கிலோமீட்டருக்கு 4,060, பேட்டா 400. மூன்றாயிரம் ரூபாய் மிச்சம். நீங்கள் ஆறு பேர் என்பதால் பெரிய வண்டிதான் வேண்டும், ரேட் கூடும், ஆனால் கணக்கு இதே மாதிரிதான். ரிட்டன் வண்டி கிடைத்தால் இதிலும் நன்றாகக் குறையும்.

இன்னொன்று. டிராப் டாக்ஸியில் பெரும்பாலும் குறைந்தபட்சம் 130 கிலோமீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். திருச்சி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கும்பகோணத்துக்கு டிராப் எடுக்கலாம் என்று யோசித்திருந்தாயே, அது தொண்ணூற்றைந்து கிலோமீட்டர் பக்கம்தான், ஆனால் 130க்குக் காசு கொடுப்பாய். அந்தத் தூரத்துக்கு லோக்கல் வண்டியைப் பேசிக்கொள்வதே மேல்.

இனி நான் பட்ட கதை. போன வைகாசியில் அக்காவைக் கண் ஆபரேஷனுக்கு மதுரையில் விடப் போனேன். போனில் ஒருவழி என்று பேசி, ரேட்டும் பேசி, சந்தோஷமாகக் கிளம்பினோம். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினால் பில்லில் நூறு கிலோமீட்டர் கூட இருக்கிறது. வண்டி திருச்சியிலிருந்து வந்ததாம், வண்டி நிற்கும் ஷெட்டிலிருந்தே எங்கள் கணக்கு என்றார் ஓட்டுநர். விராலிமலையில் சாப்பிட நிறுத்தியதற்கு வெயிட்டிங், அதுபோக இரண்டு பக்க டோல். எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய் கூட. அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறாள், வெயில் சுள்ளென்று அடிக்கிறது. அந்த இடத்தில் வாய்ச்சண்டை போட மனசு வரவில்லை, கொடுத்துவிட்டு உள்ளே போனேன். ஓட்டுநரைக் குறை சொல்லமாட்டேன், அவர் சொன்னதைச் செய்கிறவர். நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

அதிலிருந்து எல்லாவற்றையும் வாட்ஸாப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்கிறேன். கிலோமீட்டர் என் வாசலிலிருந்தா, உங்கள் ஷெட்டிலிருந்தா? டோல் ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? பேட்டா எவ்வளவு, ராத்திரி ஓட்டினால் கூடுமா? எவ்வளவு நேரம் வரை நிறுத்தலாம்? நீ வழியில் சிதம்பரத்தில் நடராஜரைப் பார்த்துவிட்டு வர ஆசைப்படுவாய், அதை முன்னாலேயே சொல்லிவிடு. ஏறியதும் மீட்டரை ஒரு போட்டோ எடு, இறங்கும்போது இன்னொன்று. டோல் காசுக்கு ஃபாஸ்டேக் குறுஞ்செய்தியைக் காட்டச் சொல். 24 மணி நேரத்துக்குள் அதே டோல்கேட்டில் திரும்பினால் திரும்பும் பக்கத்துக்குப் பாதிதான் பிடிக்கும். ரிட்டன் வண்டியில் வரும்போது உண்மையில் பிடித்த காசு எவ்வளவோ அதை மட்டும் கொடுத்தால் போதும்.

வழியையும் பேசிக்கொள். நேராகத் திருக்கடையூர் என்றால் பாண்டிச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழிதான் உனக்குக் கிட்டம், கும்பகோணத்துக்கு வந்து சுற்ற வேண்டாம். ஆனால் பாண்டி எல்லைக்குள் நுழைந்தால் பர்மிட் காசு உண்டா, அது யார் பொறுப்பு என்று கேட்டுக்கொள். முதலில் என் வீட்டுக்கு வருவதாக இருந்தால் விக்கிரவாண்டியில் பிரிந்து பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு, அணைக்கரை வழி. எனக்கு நீ முதலில் இங்கே வர வேண்டும் என்றுதான் ஆசை. ஒரு ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து பேசலாம்.

உன் மைத்துனர் தனக்குத் தெரிந்தவரின் சொந்தக் காரை டீசல் போட்டு அனுப்புவதாகச் சொன்னார் என்று எழுதியிருந்தாய். அதை மட்டும் வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொல்கிறேன். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டி, வழியில் ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட இடம் இருக்கிறது. ஆறு பேர் உயிர் அதில் இருக்கிறது. இரண்டாயிரம் ரூபாய் மிச்சத்துக்காக அந்தச் சுமையை ஏற்காதே. மஞ்சள் போர்டு வண்டியில் வா.

நீயே ஓட்டி வருவதற்குச் செல்ஃப் டிரைவ் கார் எடுத்தாலும் நமக்கு ஒத்துவராது. பெரும்பாலும் எடுத்த ஊரிலேயே விடச் சொல்வார்கள். இங்கே விட்டால் ஒருவர் வந்து எடுத்துப்போக வேண்டும், அந்தச் செலவும் உன் தலையில்தான் விழும்.

பெங்களூருக்குப் போவதைப் பற்றி என் எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறேன். விழா முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பின் நீயும் தங்கச்சியும் மட்டும்தான். இரண்டு பேருக்காக நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஒரு காரைத் தனியாக எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கோயிலுக்கு வரும் கர்நாடக வண்டிகள் இங்கே நிறையத்தான் நிற்கின்றன, ஆனால் வந்தவர்களையே திரும்ப ஏற்றிக்கொண்டுதான் போகும், காலியாகப் போவது குறைவு. மைசூர் எக்ஸ்பிரஸில் கும்பகோணத்தில் ஏறிப் படுத்தால் விடிகாலையில் பெங்களூர். உனக்கு முழங்கால் வலி வேறு, ராத்திரி முழுக்கக் காலை மடக்கி உட்கார வேண்டாம். கீழ் பெர்த் கிடைக்கும்படி முன்பதிவு தொடங்கியதுமே போட்டுவிடு.

ஸ்டாண்டில் ஒரு பையன் இருக்கிறான், நம் பள்ளிக்கூடத்தில்தான் படித்தவன், நிதானமாக ஓட்டுவான். அவனிடம் உன் விஷயத்தைச் சொல்லிவைத்திருக்கிறேன். பொங்கல் வாரத்தில் அவனுடைய பெரிய வண்டிக்குச் சென்னை டிராப் இரண்டு இருக்கிறதாம், அதில் ஒன்றின் ரிட்டனை உனக்கென்று ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். தையில் முகூர்த்தம் நிறைய, கடைசி நேரத்தில் கேட்டால் அவனே கையை விரித்துவிடுவான். அதனால் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த வாசலில் ஏற்ற வேண்டும் என்பதை இந்த வாரத்துக்குள் எழுதிவிடு. எழுத நேரமில்லை என்றால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் போன் செய், அதுவரை நெல்லுக்குப் பக்கத்தில்தான் இருப்பேன்.

தங்கச்சிக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன்,
பழைய பெஞ்சுத் தோழன்