அரசரின் அருகே அமர்ந்திருக்கும் முகம் யாருடையது?

இந்திய அருங்காட்சியகங்களின் இயக்குநர்களுக்கும் காப்பாட்சியர்களுக்கும் வணக்கம்.

அரசரும் அரசியும் இணைந்திருக்கும் சிற்றோவியங்களின் விளக்க அட்டைகளில், அரசியின் பெயரோடு நின்றுவிடாமல், அவருடைய முகம் எந்தக் காலத்தில், எதை ஆதாரமாகக் கொண்டு வரையப்பட்டது என்பதையும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

முகலாய அரசவை ஓவியர்கள் ஆண்களின் முகத்தை எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஷாஜகானின் ஓவியங்களைக் கால வரிசையில் வைத்தால், அவருடைய கறுத்த தாடி மெல்ல நரைப்பதைக்கூடக் காணலாம். அரசியருக்கு அந்தக் கவனம் பெரும்பாலும் கிடைக்கவில்லை. அந்தப்புரத்துக்குள் ஓவியர்கள் தடையின்றி நுழைய முடியாததால், நீண்ட விழியும் கூரிய மூக்குமாக ஒரே அச்சில் வார்த்த அழகியின் முகமே படத்துக்குப் படம் திரும்ப வந்தது. நூர்ஜகான் கையில் துப்பாக்கியோடு நிற்கும், அபுல் ஹசன் வரைந்ததாகக் கருதப்படும் ராம்பூர் ரஸா நூலக ஓவியம் போன்றவை அரிய விதிவிலக்குகள்.

மும்தாஜ் மகால் 1631இல் புர்ஹான்பூரில் மறைந்தார். இன்று பலரும் அவருடையதென்று நம்பும் முகமோ, 19ஆம் நூற்றாண்டில் டெல்லி ஓவியர்கள் பயணிகளுக்கு விற்பதற்காகத் தந்தத் தகடுகளில் ஷாஜகானோடு இணையாகத் தீட்டிய கற்பனை முகம். அந்த ஓவியர்களின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதை மும்தாஜின் உருவப்படம் என்று மட்டும் எழுதி வைப்பது, நம்பி வந்து பார்க்கும் பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி.

இதைவிட என்னை வருத்துவது தக்காணத்துச் சுல்தானியங்களில் ஒன்றான அகமதுநகரின் அரசியுடைய கதை. முதலாம் ஹுசைன் நிஜாம் ஷாவையும் அவருடைய மனைவி குன்ஸா ஹுமாயூனையும் புகழ்ந்து அஃப்தாபி பாடிய பாரசீகக் காவியத்தின் ஓவியச் சுவடி, புனேயில் பாரத இதிகாச சம்சோதக மண்டலம் என்ற வரலாற்று ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறது. 1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரத்தின் ராமராயர் கொல்லப்படும் காட்சியும் அதில் உண்டு என்பதால், தென்னிந்திய வரலாறு படிப்பவர்கள் அந்தச் சுவடியை அறிந்திருப்பார்கள். அதே சுவடியில், வேறு அரசவைகளில் காண்பதற்கரிய வகையில், அரசி அரசரோடு அரியணையில் அமர்ந்திருந்தார். கணவர் இறந்தபின் இளவயது மகனுக்காக ஆட்சி நடத்திய அவரை 1569இல் அந்த மகனே சிறைப்படுத்தினான். அதன் பிறகே ஓவியங்களில் அவர் உருவம் அழிக்கப்பட்டது என்பது அறிஞர்களின் கருத்து. அரசர் அப்படியே இருக்கிறார், பணிப்பெண்களும் இருக்கிறார்கள், அரசியின் இடத்தில் மட்டும் சிதைந்த வண்ணம். அந்தச் சிதைவை வெறும் சேதம் என்று கடந்துபோகக் கூடாது, அது ஓர் அரசியல் ஆவணம்.

எனவே, இத்தகைய ஓவியங்களை அச்சிடும்போதோ காட்சிக்கு வைக்கும்போதோ, உருவம் அழிக்கப்பட்டிருந்தால் யாருடையது, ஏன் என்பதைத் தெரிந்தவரை எழுதுங்கள். தந்த ஓவியமென்றால், ‘டெல்லி, 19ஆம் நூற்றாண்டு; மும்தாஜின் முகம் கற்பனை’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
சிற்றோவியங்களை நேசிக்கும் ஒரு பார்வையாளர்