ஐந்து மணி ஆராதனையைப் பற்றி நம் சபை மூப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மூப்பர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் ஸ்தோத்திரம்.

போன மாதக் கூட்டத்தில், ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு இளையோருக்கென்று தனியாக ஆங்கில ஆராதனை தொடங்கும் பேச்சு வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. “பாஸ்டர், நீங்க என்ன சொல்றீங்க?” என்று செயலாளர் கேட்டார். “ஜெபம் பண்ணிச் சொல்றேன்” என்றேன். நம் சபையில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். பிடிக்கவில்லை, ஆனால் எல்லார் முன்னாலும் சொல்லப் பயம் என்று அர்த்தம்.

ஜெபம் பண்ணினேன். இப்போது சொல்கிறேன். அந்த ஆராதனை வேண்டாம். இருக்கிற இரண்டு ஆராதனைகளையும்கூட ஒன்றாக்கிவிடலாம். குழுவுக்கு மட்டும் எழுதாமல் சபையார் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். நீங்கள் எடுக்கப்போகும் முடிவால் ஒவ்வொரு வீட்டின் ஞாயிற்றுக்கிழமையும் மாறப்போகிறது.

என் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். செலாயாங்கிலிருந்து கோலாலம்பூர் செந்தூலுக்கு வருகிறோம். அம்மாவுக்கு வயது எழுபத்து நான்கு. அவருக்குக் காலை ஏழரை ஆராதனைதான். பாமாலை, கீர்த்தனை என்ற பழைய பாட்டுகள் இல்லாவிட்டால் அது அவருக்கு ஆராதனையே இல்லை. என் மனைவி பத்து மணிக்கு ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு இருப்பாள். மகள் படிவம் 3 படிக்கிறாள். உங்கள் திட்டப்படி அவள் ஐந்து மணிக்கு வருவாள். நான் மூன்றிலும் கீபோர்டுக்குப் பின்னால் நிற்பேன். நாலு பேரும் ஒரே நாளில் ஒரே கட்டடத்துக்கு வந்து, ஒரு பாட்டைக்கூடச் சேர்ந்து பாடாமல் வீடு திரும்புவோம். ஆராதனை ஊழியன் வீட்டு லட்சணம் இது.

உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்குக் குறைவுதான். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஆராதனையை ஏழரை, பத்து என்று பிரிக்கச் சொன்னவனே நான். பெரியவர்களுக்கு டிரம்ஸ் சத்தம் ஆகவில்லை, இளையோருக்குக் கீர்த்தனை ஆகவில்லை. வாரா வாரம் இரண்டு பக்கமும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பிரித்துவிட்டால் நிம்மதி என்று நினைத்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதிக்கு என்ன விலை கொடுத்தோம் என்று போன வருஷம் ஒரு துக்க வீட்டில்தான் தெரிந்தது.

விடியற்காலை ஆறு மணிக்கே வந்து கேட்டைத் திறந்து, நாற்காலிகளைத் துடைத்து வைப்பாரே, அந்த அங்கிள் இறந்துபோனார். ராத்திரி ஜெபக் கூட்டத்தில் பாட இளையோர் குழுவைக் கூட்டிப்போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கிட்டார் வாசிக்கும் தம்பி மெதுவாக என்னிடம் கேட்டான்: “பாஸ்டர், இவர் நம்ம சர்ச்சா?” அவன் உட்காரும் நாற்காலியை ஆறு வருஷமாகத் துடைத்தவர் பெட்டிக்குள் கிடக்கிறார். தம்பி மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவன் ஒன்பதே முக்காலுக்கு வருவான், அங்கிள் ஒன்பதரைக்குப் போய்விடுவார். அந்தக் கால் மணி நேர இடைவெளியைப் போட்டவன் நான்.

சரி, இளையோர் சொல்லும் குறைக்கு வருவோம். அது உண்மையான குறை. என் மகள் சொன்னாள்: “அப்பா, பிரசங்கத்துல பாதி புரியல. ஆனா தூங்கினா மட்டும் தாத்தாங்களுக்குத் தெரிஞ்சிடுது.” நாம் வாசிக்கும் வேதாகமத்தின் தமிழ் 19ஆம் நூற்றாண்டுத் தமிழ். தமிழில் யோசிக்கிற நமக்கே “சம்பவித்தது” போன்ற சொற்கள் பழக்கத்தால்தான் புரிகின்றன. மலாய்வழித் தேசியப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு எப்படிப் புரியும்? பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்த கையோடு பெரிய ஆங்கில சபைகளுக்குப் போய்விடுகிறார்கள் என்று நீங்கள் கவலைப்படுவது நியாயம். நானும் போன மூன்று வருஷத்தில் நல்ல டிரம்மர் இருவரை அப்படி இழந்திருக்கிறேன்.

திரையில் பாட்டு வரிகளை ஆங்கில எழுத்தில் போட ஆரம்பித்தது இந்தப் பிள்ளைகளுக்காகத்தான். அதுவும் முழு உதவியாக இல்லை. ஒரு ஞாயிறு, வரிகளைத் தட்டச்சு செய்த பிள்ளை ‘வழி’ என்ற சொல்லை ‘வலி’ என்று வாசிக்கும்படி அடித்துவிட்டது. நூற்றைம்பது பேர் கையை உயர்த்தி, கண்ணீரோடு, ஆண்டவரே நீரே என் வலி என்று பாடினார்கள். முதல் வரிசையில் ஆண்டி ஒருவர் என்னை முறைத்தார். நான் அடுத்த சரணத்துக்குத் தாவிவிட்டேன்.

இதில் யார் தப்பு? வேதாகமத்தில் நெகேமியா புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் ஒரு காட்சி உண்டு. பிள்ளைகளில் பாதிப் பேர் அஸ்தோத்தின் பாஷையைப் பேசுகிறார்கள், யூத பாஷை பேசத் தெரியவில்லை. நெகேமியாவுக்குக் கோபம் வந்து சிலரை அடித்து மயிரைப் பிடித்து இழுக்கிறார். இந்தப் பகுதியை மேற்கோள் காட்டி இளையோரைக் கண்டிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அடி வாங்கியது பிள்ளைகளின் அப்பாமார். நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தும், வேன் வீட்டு வாசலுக்கே வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக மகளைத் தேசியப் பள்ளியில் சேர்த்தவன் நான். நெகேமியா செந்தூலுக்கு வந்தால் முதலில் என் முடியைத்தான் பிடிப்பார். நல்ல வேளை, அவ்வளவாக மிச்சமில்லை.

ஆனால் தமிழ் எழுத்து தெரியாததால் தமிழ்ப் பாட்டும் வராது என்று முடிவு கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். காரணம் என் அம்மா. கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு வரைதான். பால் வெட்டப் போகும் தன் அம்மாவுக்குத் துணையாகப் படிப்பை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கும் பாட்டுப் புத்தகத்தைக் கையில் விரித்து வைத்திருப்பார், பார்க்கமாட்டார். சில நேரம் வேறு பக்கம் விரிந்திருக்கும். எண்பது தொண்ணூறு கீர்த்தனை மனப்பாடம். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் குடும்ப ஜெபம் நடக்கும். எழுத்து தெரிந்த ஒருவர் வரியைச் சொல்ல, மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பாடுவார்களாம். இந்தச் சபையைத் தொடங்கிய ரயில்வே பட்டறைத் தொழிலாளர்களின் வீடுகளிலும் அப்படித்தான் பாடியிருக்கிறார்கள். எழுத்து பிறகு வந்தது, பாட்டு காது வழியாக முதலிலேயே வந்துவிட்டது.

அதை நான் கண்ணால் பார்த்தது 2020இல். மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, சபைக் கதவு மூடியது. ஞாயிறு காலை எங்கள் வீட்டு ஹாலிலிருந்து நேரலை செய்தோம். நான் கிட்டார், மகள் கைப்பேசியைப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்து வைப்பாள், மனைவி ஃபேனை நிறுத்துவாள். அந்த வெயிலில் ஃபேன் இல்லாமல் முக்கால் மணி நேரம்! முதல் வாரம் கேமராவைப் பார்த்தே பாடினேன். இரண்டாவது வாரம் அம்மா சோபாவில் வந்து உட்கார்ந்தார். மூன்றாவது வாரம், நான் ஒரு கீர்த்தனையின் இரண்டாவது சரணத்தை மறந்து தடுமாறியபோது, அவர் கேமராவைப் பற்றிக் கவலையே படாமல் வரியைச் சொன்னார். மகள் அதைப் பிடித்துக்கொண்டு பாடினாள். அவர் அடுத்த வரியைச் சொன்னார். அவள் பாடினாள். நான் சுருதி மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன் பதினாறு வருஷ ஊழியத்தில் என் குடும்பத்தோடு உட்கார்ந்து நான் ஆராதித்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லாருடைய குடும்பத்தையும் எழுந்து நிற்கச் சொல்வேன், பக்கத்தில் இருக்கிறவர் கையைப் பிடியுங்கள் என்பேன். என் கை கீபோர்டில் இருக்கும். அந்தக் கட்டுப்பாட்டுக் காலத்தில் எத்தனையோ பேர் வேலையை இழந்தார்கள், நம் சபையிலேயே மரணங்கள் நடந்தன. அதை நல்ல காலம் என்று சொல்ல வாய் கூசுகிறது. ஆனால் மகளுக்கு இன்று பதினோரு கீர்த்தனை தெரியும். எல்லாமே அந்த சோபாவில் கற்றவை. கதவு திறந்ததும் பழையபடி ஆளுக்கொரு மணி, ஆளுக்கொரு மூலை. பன்னிரண்டாவது கீர்த்தனை இன்னும் வரவில்லை.

கூட்டத்தில் ஒருவர் “கீர்த்தனைதான் நம்ம பாரம்பரியம், இந்த டிரம்ஸ் எல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்” என்றார். பெரியவர், மரியாதையோடுதான் சொல்கிறேன்: நாம் பாரம்பரியம் என்று பாடும் பாமாலைகளில் பெரும்பாலானவற்றின் மெட்டு ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தது. கீர்த்தனையும் ஒரு காலத்தில் புதுச் சரக்குதான். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக ராகங்களையும் குறவஞ்சி வடிவத்தையும் எடுத்துக் கிறிஸ்தவப் பாட்டு கட்டியபோது, அவர் ஊர் ஜனங்கள் கேட்டுப் பழகிய இசையைத்தான் எடுத்தார். இன்றைக்குப் பிள்ளைகள் கேட்டுப் பழகியது டிரம்ஸ். நம் தபேலா அண்ணனும் டிரம்ஸ் தம்பியும் ஒரே மேடையில் வாசித்த ஒரு கிறிஸ்துமஸ் உங்களுக்கு நினைவிருக்கும். யாரும் எழுந்து போகவில்லை. ஒத்திகையில் மட்டும் இருவருக்கும் தாளத்தில் சண்டை, அது எல்லா ஊரிலும் உண்டு.

நான் கேட்பது இதுதான். ஒன்பதரைக்கு ஒரே ஆராதனை. வேதவசனத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசிப்போம். பிரசங்கத்தை நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி, இதுவரை சொன்னதை இளையோர் ஒருவர் ஐந்து நிமிஷம் ஆங்கிலத்தில் சொல்லட்டும். இதுவும் நெகேமியாவில் இருப்பதுதான், எட்டாம் அதிகாரம்: எஸ்றா வேதத்தை வாசிக்க, ஆலய ஊழியரான லேவியர் ஜனங்களுக்கு அர்த்தத்தை விளங்கப்பண்ணினார்கள். ஆண்கள், பெண்கள், கேட்டு அறியத்தக்க எல்லாரும் ஒரே வீதியில், விடியற்காலை தொடங்கி மத்தியானம் வரைக்கும். இளையோருக்கு வேறு மணி ஒதுக்கியதாக அங்கே இல்லை.

மாதம் ஒரு கீர்த்தனையைத் திரையை அணைத்துவிட்டுக் கற்றுக்கொடுப்போம். பெரியவர் ஒருவர் வரி சொல்லட்டும், சபை திருப்பிப் பாடட்டும். அதே மாதம் இளையோர் கொண்டுவரும் ஒரு பாட்டைப் பெரியவர்கள் கற்கவேண்டும். “சத்தம்” என்று காதைப் பொத்தக் கூடாது. டிரம்ஸுக்குக் கண்ணாடித் தடுப்பு போட்டுத் தருகிறேன். ஐந்து மணி ஆராதனைக்கென்று ஒலிக்கருவிகளுக்கு ஒதுக்கிய பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட அதற்கு ஆகாது.

தமிழ் எழுத்து கற்க விரும்பும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை ஒத்திகைக்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறேன். அப்பாமாரும் கூட உட்காரட்டும். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, வளர்ந்த மனுஷன், பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகியவர். நமக்கு என்ன கௌரவம்?

வாசிக்கிற ஆள் குறைவாக இருப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று ஆராதனைக்கு வாசிக்க நம்மிடம் ஆள் இல்லை. தபேலா அண்ணன் சனி இரவு வேலை முடித்துப் பசியாறாமல் நேராக வருகிறார். பேஸ் கிட்டார் தம்பி கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறான், ஞாயிறு சாயங்காலம்தான் அவனுக்கு வருமானம். ஊழியம் என்று கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார்கள். அதனால்தான் கேட்கக் கூடாது என்கிறேன்.

கடைசியாக எனக்கென்று ஒன்று. மாதத்தில் ஒரு ஞாயிறு நான் மேடை ஏறமாட்டேன். விடுமுறை கேட்கவில்லை, ஆராதனைக்கு வருவேன். மூன்றாவது வரிசையில் அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் உட்காருவேன். அன்றைக்குப் பாட்டை நடத்த இரண்டு பிள்ளைகளைப் பயிற்றுவித்துவிட்டேன். சுருதி கொஞ்சம் ஏறி இறங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என்னையும் அப்படிப் பொறுத்துக்கொண்ட சபைதானே இது. ஆரம்பத்தில் நான் பிடித்த சுருதிக்கு உயரப் பாட முடியாமல் ஆண்டிமார் பாதியில் நிறுத்தியது எனக்கு நினைவிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை கூட்டத்துக்கு அம்மாவையும் மகளையும் கூட்டிவருகிறேன். அவர்களும் பேசட்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியாது. கூட்டத்தைக் கீழே ஞாயிறு பள்ளி அறையில் வையுங்கள். சின்ன நாற்காலிகள்தான் இருக்கும், நான் பாயும் கொண்டுவருகிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆராதனை ஊழியன்
செந்தூல், கோலாலம்பூர்