கண்ணுப்பிள்ளை விற்கும் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

உங்கள் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. காரைக்குடியில் கொப்புடையம்மன் கோயிலுக்குப் போகிற வழியில், மார்கழி கடைசி இரண்டு நாளும் சாக்கை விரித்து, போகிக்கு வீட்டு நிலையில் காப்பாகச் செருகுகிற ஆவாரம்பூ, வேப்பிலை, கண்ணுப்பிள்ளைச் செடி மூன்றையும் குவித்து வைத்து உட்கார்ந்திருப்பீர்கள். பக்கத்தில் உங்கள் மகள் போன் பார்த்துக்கொண்டிருப்பாள். இந்தக் கடிதம் அவள் கண்ணில் பட்டால் உங்களுக்குப் படித்துக் காட்டுவாள் என்று நம்பி எழுதுகிறேன்.

போன போகிக்கு ஒரு கட்டு 20 ரூபாய் என்றீர்கள். "வரப்புல சும்மா கிடக்குற செடிக்கு இவ்வளவா?" என்று பேரம் பேசி 15 ரூபாய் கொடுத்தேன். நீங்கள் கோபப்படவில்லை. "சும்மா கிடந்த இடமெல்லாம் இப்ப எங்கம்மா இருக்கு?" என்று மட்டும் சொன்னீர்கள். அது இன்னும் உறுத்துகிறது.

அதற்கப்புறம் வெளியே போகும்போதெல்லாம் இந்தச் செடியைத் தேடினேன். சின்ன வயதில் ஆடு மேய்க்கிற பிள்ளைகளோடு சுற்றிய கோட்டையூர்ப் பக்கத்துப் பொட்டலில் இப்போது கல் ஊன்றி மனை பிரித்திருக்கிறார்கள். வயல்களில் களைக்கொல்லி அடித்து வரப்பு கருகிக் கிடக்கிறது. கண்மாய்க் கரையில் கொஞ்சம், ஊருணி மேட்டில் கொஞ்சம். நிறையக் கண்டது எங்கே தெரியுமா? பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளின் பின்கட்டில், அடுத்த தெருவில் திறக்கும் கொல்லை வாசற்படியில். மனுஷன் கால் படாத இடத்தில்தான் அது நிம்மதியாக இருக்கிறது. ஒரு கட்டுக்கு நீங்கள் எத்தனை மைல் நடந்திருப்பீர்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஒருநாள் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தேன். முழ உயரம்கூட இல்லை. தண்டு, இலை எல்லாம் மெல்லிய சாம்பல் பூத்த ரோமம். ஒவ்வொரு இலைக்கணுவிலும் பஞ்சைக் கிள்ளி ஒட்டிவைத்தது போல வெள்ளைப் பூக்கள். தனிப் பூ குருணை அளவுதான். கிள்ளிக் கையில் வைத்தால் கனமே தெரியாது. வாடினாலும் வெள்ளை மாறாது. நிலையில் செருகிய காப்பு மாசி வரைக்கும் அப்படியே இருப்பது அதனால்தான். சங்க நூலான பெரும்பாணாற்றுப்படை வரகுச் சோற்றுக்கு உவமை சொல்லும்போது பூளைப்பூ என்று இந்தப் பூவைத்தான் சொல்கிறது. வரகுச் சோற்றைத் தட்டில் போட்டுப் பாருங்கள், அப்படியேதான் இருக்கும். சோற்றைப் பார்த்ததும் இந்தப் பூ ஞாபகம் வர வேண்டும் என்றால், அதைத் தினமும் மிதித்து நடந்த ஒருவருக்குத்தான் முடியும்.

கொங்கு நாட்டில் இன்றும் பூளைப்பூ என்றே சொல்கிறார்கள். சித்த மருத்துவத்தில் சிறுபீளை. நீர்க்கடுப்புக்கும் சிறுநீர்க் கல்லுக்கும் கஷாயம். மலையாளத்தில் செறூளை, தசபுஷ்பம் என்று அவர்கள் சொல்லும் பத்துச் செடிகளில் ஒன்று. செடிகொடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் 1753-இல் இதை நாயுருவி இனத்தோடு சேர்த்துப் பெயர் வைத்தார். பிறகு பிரித்துவிட்டார்கள், ஆனாலும் கீரைத்தண்டு, நாயுருவி எல்லாம் இதற்குச் சொந்தம்தான்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் விற்கும் கட்டுகளில் பாதிச் செடி வேரோடு இருக்கிறது. ஈரமண்ணில் ஒரு இழுப்புக்கு வந்துவிடும், அரிவாளைவிட அது சுலபம், தெரியும். ஆனால் இது ஒரு மழையோடு முடிகிற செடி இல்லை. அடிவேர் கட்டை மாதிரி கெட்டியாக இருக்கும். நாலு விரல் விட்டு அறுத்தால் அடுத்த மழைக்குத் திரும்பத் துளிர்க்கிறது. எங்கள் கொல்லையில் அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். வாங்குகிற எங்களுக்கும் வேலை இருக்கிறது. காய்ந்த காப்பைக் குப்பையில் போடாமல் நான் இந்த வருஷம் வரப்பில் உதிர்த்தேன். அந்தப் பஞ்சுக்குள் கறுப்பாக, பளபளவென்று, கடுகைவிடப் பொடியாக விதை இருக்கிறது.

எங்கள் புன்செய் இரண்டு வருஷமாக மருந்து படாமல் கிடக்கிறது. மேற்கு வரப்பு முழுக்கக் கண்ணுப்பிள்ளைதான், ஓரத்தில் ஆவாரையும் உண்டு. வரும் மார்கழியில் நீங்களும் மகளும் வந்து அறுத்துக்கொள்ளுங்கள். காசு ஒன்றும் வேண்டாம். மார்கழி பிறந்ததும் உங்கள் இடத்துக்கு வந்து வழி சொல்லிவிட்டுப் போகிறேன். ஊருணிக் கரையோடு நடந்தால் ஒற்றைப் பனை தெரியும், அதுதான் எல்லை. வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுங்கள். அரிவாள் மட்டும் போதும், சாக்கு வீட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
15 ரூபாய் கொடுத்தவள்